அம்மா வாசிக்காமல் விட்ட பேர்

என் வயதுக்காரர்கள் யாராவது அந்த நாவலைப் படித்திருக்கிறீர்களா? அட்டை கிடையாது. முதல் நான்கு தாளும் கிடையாது, அதனால் தலைப்பும் தெரியாது, எழுதியவர் யார் என்றும் தெரியாது. ஒரு ஜமீன் பங்களா. பாலில் யாரோ விஷம் கலந்து கொடுத்து, பெரியவர் செத்துக் கிடக்கிறார். மாடியில் ஓர் அறை பன்னிரண்டு வருஷமாகப் பூட்டியே இருக்கிறது. ரங்கூனுக்கு ஓடிப்போன மூத்த மகன் திரும்பி வருகிறான். வந்தவன் நிஜமாகவே மூத்த மகன்தானா என்று வீட்டில் பாதிப் பேருக்குச் சந்தேகம். கொலையைச் செய்தது யார்? எனக்குத் தெரியாது. எண்பது வயதைத் தாண்டிவிட்டேன், இன்னும் தெரியாது. உங்களில் யாருக்காவது தெரிந்தால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், புண்ணியமாகப் போகும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வருகிற மனிதர்கள் யாருடைய பேரையும் நான் சொல்லப் போவதில்லை. பேர் சொல்லி நான் செய்த கெடுதல் ஒன்றே போதும். நாவலில் வருகிற அந்த மூத்த மகனின் பேரை மட்டும் சொல்கிறேன். துரைக்கண்ணு.

அப்போது நாங்கள் மலாயாவில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே கோட்டர்ஸில் இருந்தோம். ரப்பர் விலை விழுந்து, எல்லா இடத்திலும் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம். அப்பாவுக்கு ரயில் யார்டில், வண்டிகளுக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலை. இரும்புப் பிடியை இழுத்து இழுத்து இரண்டு உள்ளங்கையும் காய்த்துப் போயிருக்கும். என் கன்னத்தைத் தொட்டால் சுரசுரவென்று இருக்கும், எனக்கு அது பிடிக்கும். சரக்கு வண்டி போகும்போது எங்கள் வீட்டுத் தட்டுகள் தாமாகவே ஓர் அங்குலம் நகரும். காயப்போட்ட துணியை உதறினால் கரித்தூள் கொட்டும். எனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள், பின்னால் ஒன்று, மூன்றும் தங்கவில்லை. அப்பா வேலைக்குப் போய்விடுவார், அல்லது வேலை முடிந்து தூங்குவார். அம்மா அதிகம் பேச மாட்டாள். பேச ஆளில்லாததால் என் வாய் நீண்டதா, வாய் நீளம் என்பதால் ஆள் சேரவில்லையா, எனக்குத் தெரியாது. வீட்டுக் கோழியிடம்கூட நான் கதை சொல்லியிருக்கிறேன். அதுவும் எழுந்து போய்விடும்.

எங்கள் வீட்டு வரிசைப் பெண்களில் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கத் தெரிந்தவள் அம்மா ஒருத்திதான். புதுக்கோட்டைப் பக்கம் அவள் ஊரில் பாதிரிமார் பள்ளிக்கூடம் இருந்ததாம். அந்த நாவலை டவுனில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி, கிழிந்து கிடக்கிறது என்று அப்பாவிடம் சும்மா கொடுத்தார். அன்று முதல் மத்தியானம் சோற்றுப் பானை கழுவியானதும் எங்கள் பின்வாசல் சிமிட்டித் தரையில் ஐந்தாறு பெண்கள் கூடிவிடுவார்கள். அவர்களுக்கெல்லாம் தலைவி கிராணி வீட்டம்மா. கிராணி என்றால் ஆபீஸ் குமாஸ்தா. எவனை வைத்துக்கொள்வது, எவனை ஊருக்குத் திருப்பிக் கப்பலேற்றுவது என்கிற பட்டியல் அவர் கையால்தான் எழுதப்படும். அதனால் அந்த அம்மாள் வரும்போதே தன் மணைப்பலகையையும் கொண்டு வருவார், நடுவில்தான் போடுவார், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் சாய்ந்துகொள்வேன். அவள் வாசிப்பது முதுகு வழியாகவே எனக்குக் கேட்கும். என் பிள்ளைப் பிராயத்தில் நான் தனியாக இல்லாத நேரம் அது ஒன்றுதான்.

ஒரு நாள் அம்மா வாசித்தாள்: "அந்த நேரம் பாத்து, கதவத் தட்டிக்கிட்டு அவுக உள்ள வந்தாக."

"யாருடி அவுக?" என்றார் கிராணி வீட்டம்மா.

"அதான்க்கா, ரங்கூன்லேருந்து வந்தவுக. மூத்த மகன்."

"கொலகாரப் பயலுக்கு என்னாடி இம்புட்டு மரியாத! வந்தான்னு வாசி லா!"

"அவுகதான் கொல பண்ணாகன்னு இன்னும் வரலையேக்கா" என்றாள் அம்மா. எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். ஆனால் அவள் முதுகு ஒரேயடியாக விறைத்துப்போனது எனக்குத் தெரிந்தது.

தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். தாளில் "துரைக்கண்ணு கதவைத் தட்டினான்" என்றுதான் இருந்தது. அடுத்த பக்கத்திலும் அதே கதை. பேர் வருகிற இடத்திலெல்லாம் அம்மா "அவுக" என்றாள், "மூத்தவுக" என்றாள், இரண்டொரு தடவை இருமிச் சமாளித்தாள். ஒரு தடவைகூட அந்தப் பேரை வாசிக்கவில்லை.

அந்த நாவலில் ஒரு துப்பறிகிறவர் வருவார். தடயம் கிடைத்ததும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். என்னிடம் சிலேட்டு இருந்தது. கேட்க வேண்டுமா!

முதல் தடயம், 'தொர' என்கிற சொல். ரயில்வேக்காரர்கள் வீட்டில் அது ஒரு நாளைக்கு நாற்பது தடவை வரும். தொர வந்தாரு, தொர திட்டுனாரு, தொர பங்களா. என் அம்மா வாயில் அது வந்து நான் கேட்டதே இல்லை. "வெள்ளக்காரரு" என்பாள், "தொப்பிக்காரரு" என்பாள். இரண்டாவது தடயம் ஆஸ்பத்திரியில் கிடைத்தது. எனக்குக் காது வலி. சீட்டு எழுதுகிறவர் வீட்டுக்காரர் பேரைக் கேட்டால் மற்ற பெண்கள் பக்கத்தில் நிற்கிற பிள்ளையை இடித்து "நீ சொல்லு" என்பார்கள். உங்கள் அம்மாக்களும் அப்படித்தானே செய்தார்கள்? என் அம்மாவோ அப்பாவின் பேரைப் பட்டென்று சொன்னாள். கத்தரிக்காய் விலை கேட்கிற குரலில் சொன்னாள். கூட வந்திருந்த கிராணி வீட்டம்மா உதட்டைச் சுழித்தார்.

கட்டின புருஷன் பேரைக் கூசாமல் சொல்கிறாள். கதையில் வரும் ஒருவன் பேரைச் சொல்ல மாட்டேன் என்கிறாள், அவனுக்கு மரியாதையும் கொடுக்கிறாள். ஒரு பெண் எந்தப் பேரைச் சொல்ல மாட்டாள்? பத்து வயது மூளைக்கு ஒரே ஒரு விடைதான் தோன்றியது. அப்பாவுக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு புருஷன் இருந்திருக்கிறார். அவர் பேர் துரைக்கண்ணு. எழுதி முடித்ததும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷத்தில்.

அந்த வருஷம் ஆடி அமாவாசைக்கு அப்பா என்னைக் கிள்ளானுக்குக் கூட்டிப்போனார். வருஷா வருஷம் தனியாகத்தான் போவார். ஆறு பழுப்பாக, அகலமாக, சேற்று வாசனையோடு கிடந்தது. கரையில் ஒரு பண்டாரம் வரிசையாக எல்லாரையும் உட்காரவைத்து எள்ளும் தண்ணீரும் இறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்ததும் "செத்தவரு பேரு?" என்று கேட்டார். அப்பா குனிந்து மெதுவாகச் சொன்னார். தன்னுடைய பேரையே சொன்னார்!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பா, செத்தவங்க பேரக் கேக்குறாரு" என்றேன்.

"தெரியும்மா. சும்மா இரு" என்று என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். காய்த்த கை, வலித்தது. திரும்பும்போது மலாய்க்காரப் பெண்ணிடம் வாழைப்பழப் பொரியல் வாங்கிக் கொடுத்தார். நான் நாக்கைச் சுட்டுக்கொண்டேன். பெரியவர்களுக்குச் சில சமயம் கேள்வி சரியாகப் புரிவதில்லை என்று நினைத்து அதை அப்படியே விட்டுவிட்டேன். சிலேட்டில் எழுதவில்லை. நான் துப்பறிந்த லட்சணம் அதுதான்.

கிராணி மகளுக்கு என் வயது. அவளிடம் கண்ணை மூடித் திறக்கிற சீமைப் பொம்மை ஒன்று இருந்தது. என்னைத் தொடவிட மாட்டாள். கூடவே உட்காரவும் விட மாட்டாள். எங்கள் வரிசையில் என் வயதில் வேறு பிள்ளை இல்லை. நான் அவள் வீட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு நாள், "ஒனக்கு ஒரு ரகசியம் சொல்லுறேன், பொம்மையக் குடு" என்றேன்.

"மொதல்ல சொல்லு."

"எங்கம்மாவுக்கு மொதல்ல வேற ஒரு புருசன் இருந்தாரு. பேரு துரைக்கண்ணு. அதான் கதையில அந்தப் பேர வாசிக்க மாட்டேங்குது."

அவள் கண் அகன்றது. பொம்மையைக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் முழுக்க அது என் மடியில்தான் இருந்தது. அதன் தலைமுடியில் கற்பூர வாசனை.

மறுநாள் மத்தியானம் பூட்டிய அறையைத் திறக்கிற கட்டம். அம்மா புத்தகத்தை விரித்தாள். கிராணி வீட்டம்மா கையை நீட்டித் தாளின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"நில்லு. இந்த மூத்த மகன் பேரு என்னா?"

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"பேருன்னு ஒண்ணு போட்டிருக்கும்ல? என் மக சொல்லுது, போட்டிருக்குதாம். ஒம் மகதான் சொல்லிச்சாம். நாங்க படிக்காதவளுக. நீ வாசி, கேப்போம்."

"என்னக்கா இது..."

"ஒண்ணுமே இல்லைன்னா சொல்லுறதுக்கு என்னா? ஒரே ஒரு தடவ வாயால சொல்லிரு. எங்க மனசு ஆறிரும். இல்ல, ஊருல ஒருத்தனைக் கட்டிட்டு, அவன விட்டுட்டு இங்க வந்து இன்னொருத்தன்கூட இருக்கியா? கட்டுனவன் பேர மட்டும் கூசாம சொல்லுற, அன்னைக்கே நெனச்சேன்."

மற்ற பெண்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு அம்மாவின் வாயையே பார்த்தார்கள். ஆறு எழுத்து. சொல்லிவிட்டால் தப்பித்தாள். சொல்லாவிட்டால் அந்த வரிசையில் அவளுக்கு இனிமேல் ஒரு குங்குமம் கிடையாது, ஒரு வாய்ப் பேச்சு கிடையாது. அது எனக்கே புரிந்தது. சொல்லும்மா, சொல்லும்மா என்று மனசுக்குள் கெஞ்சினேன். அம்மா வாயைத் திறந்தாள். யார்டில் எஞ்சின் ஒன்று கூவியது. அவள் தலையைத் திருப்பி அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், ஒரே ஒரு தடவை. வாயை மூடிக்கொண்டாள்.

"தல வலிக்குதுக்கா. நாளைக்கி வாசிக்கிறேன்."

"நாளைக்கி யாருடி வரப்போறா?" கிராணி வீட்டம்மா புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தார். "ரெண்டு புருசக்காரி வாசிச்சி நாங்க கேக்கவேணாம்."

அன்று பொழுது சாயும்முன் அப்பா வந்துவிட்டார். யார்டுக்கே விஷயம் போயிருந்தது. வாசல்படியில் நின்றபடி, "நான் போயிச் சொல்லிர்றேன்" என்றார்.

"வேணாம். ஆளக் கொறைக்கிற நேரத்துல ஒண்ணுஞ் சொல்ல வேணாம்" என்றாள் அம்மா.

"ஒன்னைய இப்பிடிப் பேசுறாளுக..."

"பேசிட்டுப் போறாளுக. கை கால் கழுவிட்டு வாங்க."

அப்பா அம்மாவைத் தள்ளிவைக்கப் போகிறார், அதைத்தான் ஊருக்குச் சொல்லப்போகிறார், அம்மா கெஞ்சித் தடுக்கிறாள் என்று நான் புரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அப்பா அம்மாவின் முகத்தை நேராகப் பார்க்கவே இல்லை. ஏமாந்த மனுஷனின் கோபம் என்று நினைத்தேன். அது வெட்கம் என்று தெரிய எனக்கு எத்தனை வருஷம் ஆயிற்று!

யாரும் எங்கள் பின்வாசலுக்கு வரவில்லை. குழாயடியில் அம்மா போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அதனால் அவள் மண்டையைப் பிளக்கிற உச்சி வெயிலில், ஆளில்லாத நேரமாகப் பார்த்துத் தண்ணீர் பிடித்தாள். கிராணி மகள் வேலிப்பக்கம் வருவதையே விட்டாள். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் நான் மட்டும். என்னை அம்மா அடிக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. அடித்திருந்தால் தேவலை. மத்தியானம் சிமிட்டித் தரையில் நான் ஒருத்தியே உட்கார்ந்து, தட்டுகள் நகருகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த வருஷம் எங்கள் வரிசையில் நான்கு வீட்டுக்காரர்களைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். எங்கள் வீடு தப்பியது.

புத்தகம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? கச்சாங்பூத்தே விற்கிறவர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தலையில் தட்டு, அவித்த கடலை, வறுத்த பட்டாணி, தாளைக் கூம்பாகச் சுருட்டிப் போட்டுக் கொடுப்பார். ஒரு நாள் என் கூம்பில் "பங்களா" என்று இருந்தது. கிராணி வீட்டம்மா புத்தகத்தை அவரிடம் போட்டுவிட்டார்! அன்றிலிருந்து பைத்தியம் பிடித்தவள் மாதிரி கடலையாகத் தின்றேன். அடுத்த பிள்ளைகள் போட்ட கூம்பையும் பொறுக்கினேன். நடுப் பக்கங்களாகவே வந்தன. கடைசி அத்தியாயம் யார் கைக்குப் போயிற்றோ.

ஒரு தாளில் அந்தப் பேர் மூன்று இடத்தில் இருந்தது. அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் செய்ததற்கு ஏதோ பரிகாரம் செய்வதாக நினைப்பு. அம்மா கடலையை என் மடியில் கொட்டினாள். தாளைப் பிரித்து முழங்காலின்மேல் வைத்து நீவினாள். எண்ணெய் ஊறியிருந்தது. கட்டைவிரலால் அந்தப் பேரின்மேல் தடவினாள். பிறகு தகரப் பெட்டியைத் திறந்து கூறைச்சேலை மடிப்புக்குள் வைத்துவிட்டாள். இன்னும் அவனைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு என் அம்மாவை வெறுத்தேன். என் அப்பா பாவம் என்று அழுதேன்.

ஏழு வருஷம் கழித்து அப்பா போய்விட்டார். லைனில் இல்லை, படுக்கையில், நெஞ்சுவலி. அதற்குள் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ஆண்பிள்ளை இல்லாத வீடு என்பதால் என் வீட்டுக்காரரே கொள்ளி வைத்தார். கருமாதிக்குக் கிள்ளான் ஆற்றுக்குப் போனோம். சாவு வீடு என்பதால் பழைய வரிசைக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள், கிராணி வீட்டம்மாவும் வந்து பெண்களோடு உட்கார்ந்தார். பண்டாரம் கேட்டார், "செத்தவரு பேரு?"

என் வீட்டுக்காரர் சொன்னார்.

"அந்தப் பேரு இல்ல" என்றாள் அம்மா.

எல்லாரும் திரும்பினார்கள். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு தாளை எடுத்தாள். கூம்பாகச் சுருட்டின மடிப்பு அப்படியே இருந்தது, எண்ணெய்க் கறையும் இருந்தது. விரலை ஓர் இடத்தில் வைத்து என்னிடம் நீட்டினாள்.

"நீ வாசி ஆத்தா."

மெல்ல "துரைக்கண்ணு" என்றேன்.

"சத்தமா வாசி. ஒங்கப்பா பேரு. நீ சொல்லலாம்."

நான் கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். பண்டாரம் அந்தப் பேரைத் திருப்பிச் சொல்லி எள்ளுத் தண்ணீர் விட்டார். அதன் பிறகு அம்மா நிதானமாக எல்லாருக்கும் சொன்னாள். "இவுகளும் ஒரு சிநேகிதரும் ஒண்ணாக் கப்பலேறி வந்தாக. கிள்ளான் பக்கம் தோட்டத்துல கூட வந்தவரு காய்ச்சல்ல போயிட்டாரு. அவரு பேர்ல ரயில்வே வேலைக்கிக் காயிதம் வந்து கெடந்துச்சு. அத எடுத்துக்கிட்டு அவரு பேர்ல இவுக வேலைக்கிச் சேந்தாக. நான் கப்பல விட்டு எறங்குனப்பவே, இங்க என் பேரு வேறன்னு சொன்னாக. இன்னிக்கி வேலயும் இல்ல, ஆளும் இல்ல. இனிமே யாரு எந்தப் பட்டியல்ல எழுதி என்ன?"

வருஷா வருஷம் அப்பா தண்ணீர் இறைத்தது அந்தச் சிநேகிதருக்கு. கடன் வாங்கின பேருக்கு.

கிராணி வீட்டம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். "அடி பாவி மகளே! வேல போயிரும்னு பயந்தே, சரி. அந்தப் பேர மட்டும் ஒரு வாட்டி சொல்லியிருந்தா நான் நம்பிட்டுப் போயிருப்பேனேடி! எவளும் ஒன்னைய ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாளே!"

"லைன்ல நிக்கிற மனுசன்க்கா. அன்னைக்கி எஞ்சின் கூவுது, அவுக அங்க நிக்கிறாக. நான் இங்க உக்காந்து பேரச் சொல்லி, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா?" என்றாள் அம்மா. அந்த அம்மாள் அழுதுவிட்டார். அம்மா அழவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் அம்மாவும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அந்தத் தாள் என் கையில்தான் இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. ஊரெல்லாம் ஒதுக்கியபோது அந்த வீட்டில் நாங்கள் மூன்றே பேர். அவர்கள் இருவருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது.

"எனக்காச்சும் சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "சொல்லணும் சொல்லணும்னு எத்தனையோ நாளு நெனச்சேன். ஒனக்குத்தான் வாயி நிக்காதேத்தா."

கோபமே இல்லாமல் சொன்னாள். சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். கோலாலம்பூர் வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.